அகப்பை நிற்காத கூழ்

அகப்பை சாய்ந்துவிட்டது.

பக்கிரிசாமி அதைத் தூக்கி அண்டாவின் நடுவில் மறுபடியும் நட்டுவிட்டுக் கையை எடுத்தார். கொஞ்ச நேரம் அது யோசிப்பதுபோல நின்றது. பிறகு தூக்கம் பிடித்த ஆள் மாதிரி மெல்லப் போய் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டது.

"தண்ணி கூடிருச்சு போல, பெரியப்பா," என்றான் புவனேசன். அடுப்பில் துழாவிக்கொண்டிருந்தவன் அவன்தான். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்காமல் நேரே கோயிலுக்கு வந்திருந்தான்.

"தண்ணி அளந்தது நான்," என்றார் பக்கிரிசாமி.

அவன் மறுபடி துழாவ ஆரம்பித்தான்.

பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அன்று ஆடிக் கூழ். மத்தியானப் பூசை முடிந்ததும் ஊற்ற வேண்டும். தோட்டத்து லய வீடுகளில் இப்போது ஆளில்லை. எல்லாரும் டவுன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் கூழ் நாளன்று மட்டும் பீடோங், கூலிம் என்று போன இடத்திலிருந்தெல்லாம் காடி ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தக் கூழைக் காய்ச்சுகிற உரிமை பக்கிரிசாமியுடையது. யாரும் கொடுத்த உரிமையில்லை. முன்பு காய்ச்சிய ஆள் போய்ச் சேர்ந்த வருஷம், கித்தா மரக் கட்டையில் தானே செதுக்கிய அகப்பையோடு அடுப்புப் பக்கம் போய் நின்றார். போகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். மரம் சீவிப் பால் எடுக்கிற வேலை நின்ற பிறகு, அவர் பேரைச் சொல்லி நாலு பேர் கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான்.

அவர் கூழுக்கு ஒரே சட்டம்: அகப்பையை நட்டால் நிற்க வேண்டும். மற்றக் கோயில்களில் ஊற்றுவதை அவர் கூழ் என்றே ஒத்துக்கொள்வதில்லை. கை கழுவின தண்ணீர் என்பார்.

இன்னொரு சட்டம் அம்மனுடையது. படைப்பதற்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. காய்ச்சுகிறவர் காப்புக் கட்டிப் பட்டினி கிடக்க வேண்டும். கடைசி ஆளுக்கு ஊற்றிய பிறகுதான் அவருக்கு. கடைசி ஆளுக்கு ஊற்றும்போது அண்டா வழித்துவிட்ட மாதிரி இருக்கும். ஆகவே இத்தனை வருஷத்தில் தான் காய்ச்சிய கூழை அவர் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. குடித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்குத் தோன்றவில்லை. காலி அண்டாவைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்த வருஷம்தான் வம்பு வந்தது. போன மாதக் கோயில் கூட்டத்தில் செயலாளர் காளிதாசன் பேச்சோடு பேச்சாக ஒரு கல்லைப் போட்டார். அண்ணனுக்கும் வயசாகிறது, இந்தத் தடவை குறை ஏதும் வந்தால் அடுத்த வருஷம் கூழை மகளிர் அணியிடம் கொடுத்துவிடலாம் என்றார். மகளிர் அணி என்றால் பிரேமாவதி. பிரேமாவதி என்றால் பாக்கெட் மாவு. கூட்டத்தில் ஒருத்தராவது எழுந்து 'அதெப்படி' என்று கேட்பார்கள் என்று பக்கிரிசாமி பார்த்தார். ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரும் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாக்கெட் கேவுரு மாவில் மரவள்ளி மாவைக் கலக்கிறார்கள் என்பது பக்கிரிசாமிக்கு உறுதி. யார் சொன்னது என்று கேட்டால், ஒருத்தரும் சொல்லாமல் மறைப்பதால்தான் உறுதி என்பார். அதனால் முழுக் கேவுருவாக வாங்கினார். கடைக்காரனை நம்பாமல் மூன்று தண்ணீரில் கழுவினார். கழுவியதைச் சாக்கில் கட்டி வீட்டு முன்னால் அஞ்சடி நடையில் வைத்தார், நீர் வடியட்டும் என்று. அன்றைக்குப் பிடித்த மழை வாரம் முழுக்க விடவில்லை. வெயில் வந்து சாக்கைப் பிரித்தால் ஒவ்வொரு மணிக்கும் வெள்ளையாக ஒரு வால் முளைத்திருந்தது.

அவர் அசரவில்லை. முளை விட்டால் என்ன, கேவுரு சோளமாகிவிடுமா? காயவைத்து, வாலைக் கையாலேயே தேய்த்து உதிர்த்து, பீடோங் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்தார். மாவை மாற்றிவிடுவான் என்று கடைசிப் பிடி அரைபடும்வரை மெஷினுக்கு எதிரிலேயே நின்றார். அவருக்குத் தெரியாமல் அந்த மாவில் ஒரு தூசி விழ வழியில்லை.

காலையில் கோயில் கூட்டுகிற செல்லாயி வந்து, "இந்த வருஷம் எத்தனை அண்டா அண்ணே?" என்று கேட்டபோது, ரெண்டு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். செல்லாயி கோயிலுக்குப் பின்னாலிருந்த வாழைத் தோப்பை ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டா, அப்ப போதும்," என்று போய்விட்டாள். அந்த வாழைகள் தூண் பருமன். தார் தள்ளினால் முட்டுக் கொடுக்க வேண்டும். அம்மன் கடாட்சம் என்று ஊரே சொல்லும்.

நொய்க் கஞ்சி கெட்டியாகத்தான் வந்தது. அதில் அகப்பை சிப்பாய் மாதிரி நின்றது. இரண்டு அண்டாவிலும் புளிக்கக் கரைத்து வைத்த கேவுரு மாவை ஊற்றித் துழாவிய பிறகுதான் இந்தக் கூத்து. இறுக வேண்டிய நேரத்தில் இளகுகிறது.

"மாவைக் கொண்டா," என்றார்.

மிச்சம் வைத்திருந்த மாவிலிருந்து பெரிய கிண்ணம் நிறைய அள்ளிக் கரைத்து இரண்டிலும் ஊற்றினார். ஊற்றியதும் கூழ் ஒரு முறுக்கு முறுக்கியது. புவனேசனின் தோள் வலித்தது. பக்கிரிசாமி சிரிக்கப் போனார். அவர் முகத்து வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் கூழ் முன்னைவிட இளகிப் போனது. இன்னொரு கிண்ணம் போட்டார். இன்னும் இளகியது. மாவு போடப் போடத் தண்ணீராகிற கூழை அவர் தாத்தா காலத்திலும் யாரும் கண்டதில்லை.

தீ அதிகம், அதனால்தான் இறுகவில்லை என்று முடிவு கட்டினார். விறகைப் பாதி இழுத்துப்போட்டு, அண்டாக்களைச் சாக்கால் மூடி, சூடு குறையாமல் மெதுவாக இறுகட்டும் என்று பக்கத்திலேயே குந்தினார். கொஞ்ச நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கினார். உள்ளே கடைத் தேத்தண்ணி மாதிரி பளபளவென்று கிடந்தது. அகப்பையை நடவேண்டியதில்லை, போட்டால் மிதக்கும்.

இது கூழின் வேலையில்லை, ஆளின் வேலை. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். காளிதாசன் காலையிலிருந்து அந்தப் பக்கம் நாலு தடவை நடந்திருக்கிறான். எதற்கு நடக்கிறான்? போய்த் தண்ணீர்க் குழாயைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினார். கோயிலில் இருந்த வாளிகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து தன் காலடியில் அடுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் அம்மனுக்கு அபிஷேகத் தண்ணீர் இல்லை. பூசாரி ஈர வேட்டியோடு வெளியே வந்து, குழாயைக் கட்டிய மகராசன் யார் என்று கேட்டார். கால் கழுவ வந்தவர்கள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். காளிதாசன் குறடு கொண்டுவந்து கம்பியை அறுத்தார். அறுத்துவிட்டு அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்க வந்தார். பக்கிரிசாமி இரண்டு கையையும் விரித்து அண்டாவை மறைத்தார்.

"என்ன அண்ணே, கூழ் ரெடியா?"

"ரெடியாகும். நீ போ, தம்பி."

"ஏதும் பிரச்சினைன்னா சொல்லுங்க லா."

சொன்னால் நீ சந்தோஷத்தில் சர்க்கரைப் பொங்கல் வைப்பாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் பக்கிரிசாமி.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த இடத்திலிருந்து அவர் மகள் ரூபினி எழுந்து வந்தாள். கூலிமில் ஒரு ரொட்டிப் பேக்டரியில் மாவு சோதிக்கிற வேலை அவளுக்கு. அண்டாவைப் பார்த்தாள். கரைத்த மாவைப் பார்த்தாள். கேவுருவை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். முளை விட்டதை அவர் முணுமுணுப்பாகச் சொன்னதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"யாரும் தண்ணி ஊத்தலைப்பா. உங்க மாவுதான் கூழைத் தின்னுது."

"மாவு மாவைத் தின்னுமா?"

"முளைக்கிற விதைக்குப் பசிக்கும்ல? உள்ள இருக்கற மாவை அப்படியே திங்க முடியாது. அதனால விதையே என்சைம்னு ஒண்ணைச் செய்யும். அது மாவை வெட்டி வெட்டிச் சீனியாக்கி முளைக்குக் குடுக்கும். விதைக்குள்ள இருக்கறவரைக்கும் அளவா வெட்டும், தோட்டத்து மண்டோர் மேற்பார்வைக்கு நிக்கிற மாதிரி. நீங்க அதை அரைச்சு அண்டாவுல விட்டுட்டீங்க. இங்க மண்டோர் யாரு?"

"அரைச்ச பிறகு ஏது உயிர்?"

"அது உயிரில்லப்பா, கருவி. உங்க சீவுற கத்தி உயிரா? கையிலேருந்து விழுந்தாலும் கூராத்தானே கிடக்கும்."

"கொஞ்சம் மாவு எப்படி அண்டா முழுக்க வெட்டும்? தீர்ந்து போவாதா?"

"ஒரு மரம் சீவினதும் உங்க கத்தி தீர்ந்துச்சா? அடுத்த மரத்துக்குத்தானே போனீங்க. அதுவும் அப்படித்தான். நல்ல சூடு, ஆனா கொதிக்கலைன்னா அதுக்குக் கொண்டாட்டம். நீங்க தீயைக் குறைச்சுப் போர்வை வேற போத்தி விட்டிருக்கீங்க."

பக்கிரிசாமி சாக்கை வெடுக்கென்று எடுத்து எறிந்தார். கண்ணால் பார்க்காததை அவர் நம்புகிறவரில்லை. அந்தக் கத்தியை யார் பார்த்தது என்று கேட்டார். ரூபினிக்கும் பொறுமை போய்விட்டது. பார்க்க வேண்டாம், வெறும் சோற்றை வாயில் வைத்து நன்றாக மென்றுகொண்டே இருங்கள், இனிக்கும், எச்சிலிலும் அதே கத்தி இருக்கிறது, ஒரு கரண்டி எச்சில் பட்டால் கஞ்சிகூட நீர்த்துப் போகும் என்று சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதில் முளை, விதை, மண்டோர் எல்லாம் காற்றில் போயின. எச்சில் மட்டும் நின்றது.

பக்கிரிசாமி மெல்லத் திரும்பி புவனேசனைப் பார்த்தார்.

"ருசி பார்த்தியா?"

"இல்ல பெரியப்பா."

"அகப்பையில வாய் வெச்சியா?"

"பெரியப்பா, நான் ராத்திரி முழுக்க வேலை செஞ்சிட்டு வந்து இங்க..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ரூபினி குறுக்கே விழுந்து, நான் சொன்னது அதுவல்ல என்று கத்திப் பார்த்தாள். பலனில்லை. அம்மன் கூழில் எச்சில் என்ற பேச்சு அடுப்படியைத் தாண்டி மண்டபத்துக்குப் போய்விட்டது. பக்கிரிசாமி வெங்காயம் அரிகிற பெண்கள் ஒவ்வொருத்தரிடமும் போய் வாயைப் பார்த்தார். பிரேமாவதி மோர் வாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னாலும் குனிந்தார்.

பிரேமாவதி எழுந்தாள். கத்தவில்லை.

"நானும் விரதம், அண்ணே. என் வாயைத் திறந்து காட்டணுமா?"

அவர் பதில் யோசிப்பதற்குள் அவள் மோர் வாளி இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்குப் போகவில்லை. வாசலில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், வாளிகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். மகளிர் அணி முழுதும் எழுந்து போய்ப் பின்னால் உட்கார்ந்தது. வெங்காயமும் பச்சை மிளகாயும் அவர்களோடு போயின.

இப்போது கூழும் இல்லை, கூழில் ஊற்ற மோரும் இல்லை. பூசைக்கு மேளக்காரர் வந்து தோலைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருஷம் இதே இடத்தில் பிரேமாவதி நிற்பாள், தான் வரிசையில் கப்போடு நிற்க வேண்டும் என்று பக்கிரிசாமிக்கு ஒரு காட்சி கண் முன்னால் வந்தது. அகப்பையை வீட்டில் எங்கே மாட்டுவது என்றுகூட யோசித்துவிட்டார்.

"சரி," என்றார் மகளிடம், தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் கத்தியை எப்படி நிறுத்தறது?"

ரூபினிக்கு மனசு இளகியது. தளதளவென்று கொதிக்க விடுங்கள், அந்தச் சூட்டில் கத்தி உருக்குலைந்து போகும், அதற்குமேல் வெட்டாது என்றாள். வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்டாது. ஆனால் அதற்கப்புறம் பிரேமாவதி அக்கா கையோடு கொண்டு வந்திருக்கிற பாக்கெட் மாவை வாங்கிக் கரைத்து ஊற்றினால் கெட்டியாகும். அதில் முளை இல்லை. நானே போய்க் கேட்டு வருகிறேன் என்று வாசலுக்கு நடந்தாள்.

தீ எரிந்தது. இரண்டு அண்டாவும் குமுறிக் குமுறிக் கொதித்தன. புவனேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துழாவினான். கொதி அடங்கியதும் பக்கிரிசாமி அண்டாவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அங்கே ரூபினி பிரேமாவதியிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். பிரேமாவதி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், எந்தப் பக்கம் ஆட்டுகிறாள் என்று தெரியவில்லை. கடைசியில் அந்த மரவள்ளி மாவைத் தன் அண்டாவில் போட்டுத்தான் தன் பேரைக் காப்பாற்ற வேண்டுமா? கத்திதான் செத்துவிட்டதே. இனி எந்த மாவு போட்டால் என்ன? அவருடைய மாவு மூலையில் இன்னும் ஒரு பை இருந்தது.

ரூபினி பாக்கெட்டோடு திரும்பி வந்தபோது அந்தப் பை காலியாகக் கிடந்தது. கூழ் சலசலத்தது.

"பழைய கத்தியை ஒழிச்சிட்டுப் புதுக் கத்தியை உள்ள விட்டீங்களாப்பா?"

பக்கிரிசாமி காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்போது மணி அடித்துவிட்டது.

மோர் வந்தது. அம்மனுக்காக, அண்ணனுக்காக இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் பிரேமாவதி ஊற்றினாள். பூசாரி படைத்தார். வரிசை நின்றது. வாசல் தாண்டி, காடி நிறுத்திய இடம்வரை நின்றது. பக்கிரிசாமி அகப்பையைக் கையைவிட்டு இறக்கவேயில்லை. இறக்கினால் விழும், விழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

முதல் கப் காளிதாசனுக்கு. செயலாளர்தான் முதலில் வாங்குவது வழக்கம். பக்கிரிசாமி கண்ணை எடுக்காமல் பார்த்தார். காளிதாசன் கப்பைச் சரித்தார். தொண்டை ஏறி இறங்கியது. நிறுத்தினார். கப்புக்குள் பார்த்தார். மறுபடி சரித்து, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"அண்ணே, சீனி போட்டீங்களா?"

"கூழுக்கு யாராவது சீனி போடுவாங்களா?"

"இனிக்குதே லா," என்றார் காளிதாசன், கப்பை மறுபடி நீட்டி.

கிண்டல் செய்கிறான் என்று பக்கிரிசாமிக்குக் காது சூடாகியது. ஊற்றினார். பின்னால் நின்ற கிழவர் பல்லில்லாத வாயால் குடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றார். சின்னப் பிள்ளைகள் கப்பை நக்கின. ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. ஒவ்வொரு வருஷமும் சனங்கள் கூழை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், கோயிலுக்குப் பின்னால் வாழை நிழலுக்குப் போய்விடுவார்கள். வெறும் கப்போடு திரும்பி வருவார்கள். அந்தப் பக்தியைப் பார்த்து அவர் மெய்சிலிர்ப்பார். இந்த வருஷம் ஒருத்தரும் வாழைப் பக்கம் போகவில்லை. வாங்கின இடத்திலேயே நின்று குடித்தார்கள். மரியாதை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வழக்கத்தில் பாதி நேரத்திலேயே இரண்டு அண்டாவும் காலி. மேளக்காரருக்கு இல்லை என்று சண்டை. காளிதாசன் மைக்கைப் பிடித்து, அடுத்த வருஷமும் கூழ் பக்கிரிசாமி அண்ணன் கையால்தான், இதில் இனிமேல் பேச்சே வேண்டாம் என்று சொன்னார். கை தட்டினார்கள். பிரேமாவதியும் தட்டினாள், அம்மனுக்காக இருக்கலாம்.

பக்கிரிசாமி கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். புவனேசனைக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். மன்னிப்பெல்லாம் அவர் கேட்டுப் பழக்கமில்லை, அதனால் கொஞ்சம் பலமாகத் தட்டினார். மூச்சு ஒழுங்கானதும் பழைய குரல் வந்துவிட்டது. ஏதோ சனங்கள் பெரிய மனசு பண்ணிக் குடித்துவிட்டார்கள், அடுத்த வருஷம் பாருங்கள், முளையே விடாத கேவுருவில் காய்ச்சுகிறேன், அகப்பையை நட்டால் தேர் வடத்தைக் கட்டி இழுத்தாலும் அசையாது என்றார். ரூபினி பிரேமாவதியைப் பார்த்தாள். பிரேமாவதி அண்டாவைத் தேய்க்கத் தொடங்கினாள்.

செல்லாயி வாழைத் தோப்பிலிருந்து துடைப்பத்தோடு வந்தாள். முகம் நன்றாக இல்லை. நேரே காளிதாசனிடம் போய், வாழைக்கு ரெண்டு மூட்டை உரம் வாங்கித் தாருங்கள் என்றாள்.

பக்கிரிசாமிக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மன் கடாட்சத்துல வளர்ற வாழைக்கு உரம் எதுக்கு, செல்லாயி? இத்தனை வருஷம் போட்டியா?"

"எதுக்குப் போடணும் அண்ணே? அம்மன் பிரசாதத்தைக் கால்படற இடத்துல கொட்டக்கூடாதுன்னு, வருஷா வருஷம் உங்க கூழையெல்லாம் வாழைக்குத்தானே ஊத்துவாங்க. இந்த வருஷம்தான் பாவி சனம் மொத்தத்தையும் குடிச்சிருச்சே."